ஊட்டி ரயில் எஞ்சின் ஜெர்மனியில் செய்ததா? – ஒரு திருத்தம்



போன சுவர் இதழில் 'உங்களுக்குத் தெரியுமா?' பகுதியில் ஐந்தாவது துணுக்கு நான் எழுதியது. "ஊட்டி மலை ரயிலை இழுக்கும் எஞ்சின் ஜெர்மனியில் செய்யப்பட்டது" என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தேன். ஒரே ஒரு வரிதான். அந்த ஒரே வரியில் இரண்டு தப்பு.

நம் இயற்பியல் சார் அதைப் படித்துவிட்டு, "எங்கம்மா பார்த்து எழுதின?" என்று கேட்டார். "ஒரு புத்தகத்துல சார்" என்றேன். "எந்தப் புத்தகம்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் திட்டவில்லை. அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் அடுத்த வாரம் இலக்கிய மன்ற வினாடி வினாவில் இதே கேள்வி வந்தது. ஆறாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி சட்டென்று கை தூக்கி "ஜெர்மனி" என்றாள். தப்பு என்று சொல்லி, அவள் அணிக்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மதிப்பெண்ணில் அந்த அணி தோற்றது. அவள் அழுதுகொண்டே, "சுவத்துல அக்கா அப்படித்தான் எழுதியிருந்தாங்க" என்றாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதனால்தான் இந்த முறை துணுக்கு இல்லை. முழுத் தாள் வாங்கி எழுதுகிறேன். பரீட்சை விடுமுறையில் மேட்டுப்பாளையத்தில் என் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது நேரில் பார்த்ததும், அதன் பிறகு தேடிப் படித்ததும் இதில் இருக்கிறது.

முதலில் இழுக்கிறதா, தள்ளுகிறதா என்பதைப் பார்ப்போம்.

காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் இருந்து ரயில் கிளம்பும். மாமா என்னை ஆறு மணிக்கே கூட்டிப் போய்விட்டார். நான் ரயிலின் முன்பக்கம் ஓடிப் போய்ப் பார்த்தால் எஞ்சினே இல்லை! முதல் பெட்டியின் முகப்பில் கையில் கொடியோடு ஒருவர் நிற்கிறார், அவ்வளவுதான். "மாமா, எஞ்சின் இன்னும் வரலையா?" என்றேன். மாமா சிரித்துக்கொண்டே பின்னால் கை காட்டினார். மலை உச்சி இருக்கிற பக்கம் பெட்டிகள், மேட்டுப்பாளையம் பக்கம் எஞ்சின். ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. இறங்கும்போது அதே எஞ்சின் முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொண்டே வருகிறது. எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் அது இருக்கும். காரணம் எளிது. நடுவில் கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின் மேல்தான் சாயும், தனியாக உருண்டு ஓடாது.

ஊருக்கு வந்து தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "இதென்ன அதிசயம்? நம்ம செங்கோட்டை – புனலூர் பாதையிலயும் பின்னால ஒரு எஞ்சின் தள்ளத்தான் செய்யும்" என்றார். தாத்தா சொன்னதும் சரிதான். 1904-இல் திறந்த அந்த மீட்டர்கேஜ் மலைப்பாதையில் முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். 2010-இல் அந்தப் பாதையை மூடி, அகலப்பாதையாக்கி 2018-இல் திறந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பதின்மூன்று கண் பாலத்துப் பக்கம் சுற்றுலா போகாதவர் நம் பள்ளியில் யார் இருக்கிறார்கள்! ஆனால் தாத்தாவின் பாதைக்கும் ஊட்டிப் பாதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புனலூர் பாதையில் சக்கரமும் தண்டவாளமும் மட்டுமே. ஊட்டிப் பாதையில் நடுவில் பல் இருக்கிறது.

அது எதற்கு? நம் புளியங்குடியில் இருந்து பஸ் ஏறிக் குற்றாலம், ஆரியங்காவு பக்கம் போகும்போது ரப்பர் டயர் தார் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். ரயிலில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. இரண்டும் வழுவழுப்பு. சமதளத்தில் அது நல்லது, குறைந்த சக்தியில் நிறையப் பாரம் ஓடும். மேட்டில் அதே வழுவழுப்புதான் வினை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். கல்லாறில் இருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டர் ஏற்றம், அதிகபட்சம் 12½ மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். கல்லாறு கடல்மட்டத்தில் இருந்து சுமார் 400 மீட்டர், குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். பனை ஏறுகிறவர் காலில் தளைநார் போட்டுக்கொள்வது போல இந்த எஞ்சினுக்கும் ஒரு பிடிமானம் தேவைப்பட்டது.

அதற்காக இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். இடையில் 44 மில்லிமீட்டர்தான் இடைவெளி. தண்டவாளத்தை விட 64 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரம் அதில் பதிந்து பதிந்து ஏறும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். அதனால் ஒரு பல் விடுபடும்போது பக்கத்துப் பட்டையில் ஒரு பல் நன்றாகப் பிடித்திருக்கும். நம் இரண்டு கைவிரல்களையும் முன்பின்னாக வைத்துப் பாருங்கள், புரியும். இந்தியாவில் பல் தண்டவாளம் உள்ள ரயில் பாதை இது ஒன்றுதான்.

இந்த இரட்டைப் பட்டையைக் கண்டுபிடித்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர். ஆனால் அதை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தது ஜெர்மனியில், ஹார்ஸ் மலையில், 1885-இல். ஆக, ஜெர்மனிக்கும் நம் ஊட்டிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. எஞ்சின் அங்கே செய்யவில்லை. பல் தண்டவாளம்தான் அங்கே முதலில் பரீட்சை எழுதிப் பாஸ் ஆனது!

நான் குழம்பிய இடம் இன்னொன்று. மகாராஷ்டிராவில் நேரல் – மாதேரான் என்று ஒரு குட்டி மலை ரயில் இருக்கிறது. 1907-இல் திறந்தது. தண்டவாள இடைவெளி 2 அடிதான். அதற்காக ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் – கோப்பெல் கம்பெனி செய்து கொடுத்த டேங்க் எஞ்சின்கள் மொத்தமே நாலு. ஆறு சக்கரம் கொண்ட அந்தக் குட்டி எஞ்சின்களில் ஒரு விசேஷம், கடுமையான வளைவில் ஓரத்துச் சக்கரங்கள் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். 1980-கள் வரை அவை ஓடின. நான் எப்போதோ ஒரு புத்தகத்தில் மலை ரயில் என்ற தலைப்பில் இரண்டையும் சேர்த்துப் படித்திருக்கிறேன். மாதேரான் எஞ்சினைத் தூக்கி ஊட்டித் தண்டவாளத்தில் வைத்துவிட்டேன்!

சரி, ஊட்டி எஞ்சின் எங்கே செய்தது? சுவிட்சர்லாந்து நாட்டில் வின்டர்தூர் என்ற ஊரில். சுவிஸ் லோகோமோட்டிவ் அண்ட் மெஷின் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலை. அந்த ஊரில் பேசுவது ஜெர்மன் மொழி. (இதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை. "இலங்கையில தமிழ் பேசுதாங்கன்னு யாழ்ப்பாணம் தமிழ்நாட்டுல இருக்குன்னு எழுதுவியா?" என்று கேட்டுவிட்டார்.)

அந்த எஞ்சின் வரிசைக்கு 'எக்ஸ் கிளாஸ்' என்று பெயர். பத்தாம் வகுப்பு என்று நினைக்காதீர்கள், இது ஆங்கில எழுத்து. இந்த மலைப்பாதைக்கு 1854-லேயே யோசனை வந்து, 1891-இல் வேலை தொடங்கி, கம்பெனி பணமில்லாமல் படுத்து, புதுக் கம்பெனி வந்து, 1899 ஜூனில்தான் குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டி வரை போனது 1908-இல். தொடக்கத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பேயர் பீகாக் கம்பெனி செய்த எஞ்சின்கள் ஓடின. பிறகு 1914-இல் இருந்து 1925-க்குள் வின்டர்தூரில் இருந்து எக்ஸ் கிளாஸ் 12 வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு 1952-இல் இன்னும் 5. மொத்தம் 17.

இதை ஏன் டேங்க் எஞ்சின் என்கிறோம்? தாத்தா காலத்து மெயின் லைன் எஞ்சின்களுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கத் தனி வண்டி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். டேங்க் எஞ்சினுக்கு அது கிடையாது. தண்ணீர்த் தொட்டி அதன் உடம்போடேயே இருக்கும். அதனால் நீளம் குறைவு, வளைவில் திரும்ப வசதி. 208 வளைவு உள்ள பாதைக்கு அது வேண்டும்தானே! தண்ணீரின் பாரமும் சக்கரத்தின் மேலேயே அமுக்குவதால் பிடிமானமும் கூடும். ஆனால் சுமக்கிற தண்ணீர் குறைவு. அதனால்தான் வழியில் ஹில்குரோவ் போன்ற இடங்களில் நிறுத்தித் தண்ணீர் பிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் குரங்குகள் நம் பையில் உள்ள முறுக்கைப் பிடித்துக்கொண்டு போகின்றன. என் முறுக்கும் போயிற்று.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்மார், அக்காமார் தப்பு இருந்தால் திருத்தவும்.

நீராவி எஞ்சினில் சாதாரணமாக இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். எக்ஸ் கிளாஸில் நாலு. பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றின் மேல் ஒன்று. கீழே உள்ள சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும். மேலே உள்ளவை பல்சக்கரத்தைச் சுற்றும். மேட்டுப்பாளையத்தில் இருந்து கல்லாறு வரை ஏழெட்டு கிலோமீட்டர் கிட்டத்தட்டச் சமதளம். அங்கே கீழ்ச் சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டிப் பல் தண்டவாளம் வந்ததும் டிரைவர் மேலே உள்ளதையும் சேர்த்துக்கொள்வார். இதில் என்ன விசேஷம் என்றால், மேல் சிலிண்டருக்குப் புதிதாக நீராவி கொடுப்பதில்லை. கீழ்ச் சிலிண்டரைத் தள்ளிவிட்டு வெளியே வருகிற நீராவியில் இன்னும் அழுத்தம் மிச்சம் இருக்கும் இல்லையா? அதைத்தான் மேலே அனுப்புகிறார்கள்.

நம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கரும்பு ஜூஸ் கடையில் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை பிழிந்த கரும்பைத் தூக்கிப் போட மாட்டார். மடக்கி, நடுவில் எலுமிச்சம்பழம் வைத்து (நம் ஊர்ப் பழம்தான்!) மறுபடி உள்ளே விடுவார். அதில் இருந்தும் ஜூஸ் வரும். அதே கணக்குதான். ஒரே நீராவி இரண்டு தடவை பிழியப்படுகிறது. முதல் பிழிவில் சக்கரம், இரண்டாம் பிழிவில் பல்சக்கரம். கல்லாறு தாண்டியதும் எஞ்சின் சத்தமே மாறுகிறது. ஜன்னலில் காது வைத்துக் கேட்டேன்.

வேகம் எவ்வளவு தெரியுமா? பல் தண்டவாளத்தில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். நான் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகும் அன்று சைக்கிளில் இதைவிட வேகமாக வருவேன். 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் ஆகிறது.

ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம் என்று ஒரு பிரேக்மேன் சொன்னார். அவர் பெட்டியின் முகப்பில் நிற்பவர்களில் ஒருவர். "ஏறும்போது நின்னு போச்சுன்னா நின்னுதான் போகும் கண்ணு. எறங்கும்போது நிக்கலைன்னா?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்மேன் உண்டு. எஞ்சின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்பாதை தெரியாது. முன்னால் நிற்பவர் கொடி காட்டுவார், அடுத்த பெட்டிக்காரர் அதைப் பார்த்துக் காட்டுவார், இப்படியே டிரைவர் வரை போகும்.

எஞ்சினில் மட்டும் நாலு வகை பிரேக். கையால் திருகும் பிரேக் ஒன்று. ரயில் முழுவதற்குமான வாக்யூம் பிரேக் ஒன்று. பல்சக்கரத்தின் தண்டைப் பட்டை போட்டு இறுக்கும் பிரேக் ஒன்று. நாலாவதுதான் அற்புதம். அதற்கு ரிக்கன்பாக் பிரேக் என்று பெயர். அவரும் சுவிட்சர்லாந்துக்காரர், ஆப்ட் அவரிடம் வேலை பார்த்தவர்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பை எடுத்து, காற்று வரும் துளையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கை நகராது. பம்ப்பின் அடிப்பக்கம் சுடும். ரயில் இறங்கும்போது எஞ்சினின் சிலிண்டர்களையே இப்படிப் பம்ப்பாக மாற்றிவிடுகிறார்கள். நீராவியை நிறுத்திவிட்டு வெளிக்காற்றை உள்ளே இழுக்க விட்டு, அதை அமுக்க வைக்கிறார்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் காற்று அமுங்கி எதிர்த்துத் தள்ளும், ரயில் மெதுவாகும். சூடாகிவிடும் என்பதால் சிலிண்டருக்குள் தண்ணீர் தெளிப்பார்கள். மலையை ஏற உதவிய அதே சிலிண்டர்கள் இறங்கும்போது பிடித்து நிறுத்துகின்றன. மைல் கணக்கில் பிரேக் கட்டையை உரசிக்கொண்டே இறங்கினால் கட்டை தேய்ந்து, சூடேறி, பிடிக்காமல் போகும். காற்று தேயாது.

குன்னூரில் இந்த எஞ்சின் கழன்றுகொண்டு டீசல் எஞ்சின் மாட்டப்படுகிறது. அதற்கு மேல் ஊட்டி வரை பல் தண்டவாளம் இல்லை. ஏற்றம் பாதிதான். அந்தப் பகுதியில் டீ எஸ்டேட் அழகாக இருக்கும். அதை எழுத இந்தத் தாளில் இடம் இல்லை.

என் அத்தை மகன் கல்லூரியில் படிக்கிறான். "கரண்ட் ரயில் ஓடுற காலத்துல இதெல்லாம் பொம்மை. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதை வச்சுப் படம் காட்டுறாங்க" என்றான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அப்போது பதில் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நூறு வயதுக்குப் பக்கத்தில் போன எஞ்சினுக்கு ஒரு பாகம் உடைந்தால் எங்கே வாங்குவது? வின்டர்தூரில் அந்தக் கம்பெனி அந்தப் பெயரில் இன்று இல்லை. கடையில் கிடைக்கிற சாமானும் இல்லை. 2005-இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அறிவிப்பு கொடுத்தால் எஞ்சின் ஓடிவிடுமா? திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓடிய எஞ்சின்களின் மாதிரியிலேயே புது எக்ஸ் கிளாஸ் எஞ்சின்களைச் செய்தார்கள். 2011-இல் இருந்து 2014-க்குள் நாலு. இவை நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிப்பவை. நிலக்கரிப் பொறி பறந்தால் காட்டில் தீப்பிடிக்கும் என்ற பயம் இல்லை, சாம்பலும் இல்லை. பிறகு 2021-இல் பழைய முறைப்படி நிலக்கரி எரிக்கும் ஒன்றையும் பொன்மலையிலேயே செய்தார்கள். பாய்லர், சிலிண்டர், பல்சக்கரம் எல்லாம் நம் ஆட்கள் கை. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனது என்றால் இது என்ன? அத்தை மகனுக்குப் போனில் சொன்னேன். "சரி சரி, பாட்டி மாதிரி பேசாத" என்று வைத்துவிட்டான்.

நேற்று அந்த ஆறாம் வகுப்புத் தங்கச்சியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஜெர்மனி இல்லை, வின்டர்தூர், சுவிட்சர்லாந்து என்று அவள் நோட்டில் நானே எழுதிக் கொடுத்தேன். பொன்மலைக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவள் கேட்டாள்:

"அக்கா, அப்போ அடுத்த தடவை ஊட்டி எஞ்சின் எங்க செஞ்சதுன்னு கேட்டா, சுவிட்சர்லாந்துன்னு சொல்லவா, பொன்மலைன்னு சொல்லவா?"

"எந்த எஞ்சின், எந்த நம்பர்னு திருப்பிக் கேளு" என்றேன்.

வினாடி வினா நடத்தும் ஆசிரியர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

(பல் தண்டவாளத்தின் படமும், நாலு சிலிண்டர் படமும் அடுத்த தாளில் உள்ளன. படத்தில் சக்கரம் எட்டும் இரண்டும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டேன். தப்பு இருந்தால் பென்சிலால் குறித்து வையுங்கள், அழித்து எழுதுகிறேன்.)

– பத்தாம் வகுப்பு மாணவி